சுங்க வாயில் திறந்த பின்னர்: யேர்மனியச் சுங்க ஒன்றியமும் சிறு கைத்தொழிலாளரும்

1833ஆம் ஆண்டின் இறுதி இரவிலே யேர்மனிய அரசுகள் பலவற்றின் எல்லைகளிற் சரக்கேற்றிய வண்டிகள் நீண்ட வரிசையாகக் காத்து நின்றன. நள்ளிரவு மணி அடித்ததும் ஆயத்துறைக் கட்டைகள் உயர்ந்தன. வண்டிக்காரர் ஆரவாரித்துச் சவுக்கைச் சொடுக்கி, அதுகாறும் அயல்நாடாயிருந்த நிலத்தினுள் தீர்வையின்றிப் புகுந்தனர். இக்காட்சியைப் பின்னாளில் வரலாற்றாசிரியர் திரைச்கே பெருமிதத்தோடு வருணித்தார். அவர் வழிவந்த பாடநூல்களும் அதனை விடாது எடுத்தாண்டன. யாமும் வகுப்பிலே இதனைச் சொல்லி மாணவர் முகத்தில் மலர்ச்சி கண்டதுண்டு. ஒருநாள் பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, அவ்வண்டிகளில் இருந்த சரக்கு யாது, அதனைச் செய்தவர் யாவர், கட்டை உயர்ந்த மறுநாள் அவர்தம் பிழைப்பு என்னாயிற்று என வினவினான். உடனே விடையிறுக்க எம்மால் இயலவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாயிற்று.

வீயன்னா மாநாட்டின்பின் 1815இல் அமைந்த யேர்மனியக் கூட்டமைப்பு 39 அரசுகளைக் கொண்டிருந்தது. அவற்றுட் பிரசியா, பவேரியா போன்ற பெருநாடுகளும் உண்டு. ஒருநாட் பொழுதில் நடந்தே குறுக்கறுத்துவிடக்கூடிய சிற்றரசுகளும் உண்டு. ஆங்காங்கே வெவ்வேறு சுங்கமும் நாணயமும் அளவையும் வழங்கின. 1819இல் பிராங்போட் நகரிற் கூடிய வணிகர் சார்பிற் கூட்டமைப்புச் சபைக்கு ஒரு விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டது. 38 சுங்க எல்லைகள் நாட்டின் உள்வாணிகத்தை முடக்குகின்றன என்றும், பேர்லினிலிருந்து சுவிற்சலாந்து செல்லும் வணிகன் பத்து அரசுகளைக் கடந்து பத்துமுறை தீர்வை இறுக்க வேண்டியுளது என்றும் அது முறையிட்டது. அதனை வரைந்தவர் பிரெட்ரிக் லிஸ்ற். இவர் வூர்ட்டம்பேர்க் நாட்டு றொயிற்லிங்கன் நகரில் 1789இல் தோல் பதனிடுவோர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இம்முயற்சியால் அவருக்குக் கிடைத்த பரிசு பேராசிரியர் பதவியை இழந்தமையே. பின்னர் வேறொரு விண்ணப்பத்தின் பொருட்டுச் சிறையும், 1825இல் அமெரிக்காவுக்கு அஞ்ஞாதவாசமும் வாய்த்தன. சுங்க ஒன்றியத்தின் தந்தை என அவரை இன்று போற்றுவோர் அவர் வாழ்நாளில் அவருக்கு ஓர் உத்தியோகந்தானும் கொடுக்கவில்லை என்பதை நினைப்பதில்லை.

ஒன்றியம் உண்மையில் அமைந்தது லிஸ்ற்றின் திட்டப்படியன்று. பிரசிய நிதித்துறையினரின் பொறுமையினாலேயே என்க. 1818இற் பிரசியா தன் மாகாணங்களுக்கிடையேயிருந்த தீர்வைகளை ஒழித்து, வெளியெல்லையில் மாத்திரம் ஒரே சுங்கத்தை விதித்தது. 1828இல் பவேரியாவும் வூர்ட்டம்பேர்க்கும் தமக்குள் ஒரு சுங்கக் கூட்டு அமைத்தன. அவ்வாண்டே பிரசியாவும் கெசன்-டாம்ஸ்ராட்டும் மற்றொன்று அமைத்தன. இவ்விரண்டையும் அஞ்சிய நடுநாடுகள் மூன்றாவதொன்றையுங் கண்டன. பிரசிய நிதியமைச்சர் மொற்ஸ் 1830இல் இறக்குமுன் தொடங்கிவைத்த பேச்சுகள் முற்றி, 1834 தை 1ஆம் நாள் சொல்வெரைன் எனும் சுங்க ஒன்றியம் நடைமுறைக்கு வந்தது. 18 அரசுகளும் ஏறத்தாழ 2 கோடி 30 இலட்சம் மக்களும் அதனுள் அடங்கினர். பாடன் நாடு 1835இலும் பிராங்போட் நகரம் 1836இலும் சேர்ந்தன. சுங்க வருவாய் குடித்தொகைக்கேற்பப் பங்கிடப்பட்டது. பொதுமாநாட்டில் ஏகமனதாகவன்றி எதுவும் முடிவாகாது. 1838இல் திரெஸ்டன் நகரிற் செய்த உடன்பாட்டினால் வடக்கின் நான்கு தாலரும் தெற்கின் ஏழு குல்டனும் சமமெனப் பெறுமானம் நிலைப்பட்டது.

இவ்வொன்றியத்தை 1871இல் நிகழ்ந்த அரசியல் இணைப்பின் முதற்படியாகக் காட்டுவதே பாடநூல் மரபு. 1866இற் பிரசியாவும் ஒசுத்திரியாவும் பொருதியபோது, பவேரியா, சக்சனி, கனோவர், வூர்ட்டம்பேர்க் ஆகிய ஒன்றிய உறுப்புநாடுகள் ஒசுத்திரியாவின் பக்கமே நின்றன என்பதனை அம்மரபு விரைந்து கடந்துபோகும். பொதுச்சந்தை பொதுமனத்தை உண்டாக்கும் என்பது அத்துணை எளிதான உண்மையன்று. ஆயின் அது வேறோர் ஆராய்ச்சி. ஈண்டு யாம் நோக்கப்புகுவது பட்டறையில் இருந்தவனையே. அதற்கு வூர்ட்டம்பேர்க் ஒன்றையே எடுத்துக்கொள்வாம். சிறு கைத்தொழில் மலிந்த நாடாதலின் அங்கே விளைவுகள் துலக்கமாய்த் தெரியும்.

வூர்ட்டம்பேர்க் தென்மேற்கு யேர்மனியில் நெக்கார் ஆற்றை அடுத்துக் கிடந்த சிற்றிராச்சியம். நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதன் குடித்தொகை 17 இலட்சம் அளவினது. நிலக்கரி அங்கு இல்லை; கடற்றுறையும் இல்லை. நாட்டின் பெரும்பகுதியில் தந்தையின் நிலத்தைப் பிள்ளைகள் எல்லோரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் வழமை நிலவியது. துண்டு துண்டாய்ப் பிரிந்த காணியின் இயல்பை யாழ்ப்பாணத்து வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதின்று. அக்காணியின் விளைவு குடும்பத்துக்குப் போதாமையால், குடியானவன் மாரிகாலத்தில் தறியில் இருந்தான், மரம் இழைத்தான், ஆணியும் கத்தியும் அடித்தான். அவன் பாதி கமக்காரன், பாதி கைவினைஞன். நகரத்துக் கைவினைஞனோ தொழிற்குழுக்களின் கட்டுப்பாட்டுள் வாழ்ந்தவன். எவன் தொழில் தொடங்கலாம், எத்தனை பேரைப் பழக்கலாம் என்பதெல்லாம் குழுவின் வழக்கத்துக்கு உட்பட்டிருந்தன. இக்கட்டுப்பாடு ஒருவகையில் வேலி, ஒருவகையில் விலங்கு.

இத்தகையார்முன் 1834இற் சுங்க வாயில் திறக்கப்பட்டது. சக்சனியின் பருத்தித்துணியும் இரைன்நாட்டின் இரும்புப் பண்டமும் தீர்வையின்றி வந்தன. ஒன்றியத்தின் வெளித்தீர்வை மிக உயர்ந்ததன்றாகலின், இங்கிலாந்தின் பொறிநூலும் உள்நுழைந்தது. சந்தை விரிந்தது உண்மையே. ஆனால் விரிந்த சந்தையிற் கொண்டுபோய் விற்பதற்கேற்ற பண்டம் சிறு கைவினைஞனிடம் இருக்கவில்லை. அவன் தன் பாட்டனார் செய்த உருவத்தையே செய்தான்; அயலூர்ச் சந்தையின் விருப்பத்தையே அறிவான்; கேள்விச்சீட்டு எழுதவும் விலைக்கணக்கு வைக்கவும் பழகியவனல்லன். அவனுக்குக் கடன் கொடுக்கும் வங்கியும் கிடையாது. எல்லைக் கட்டையை உயர்த்த ஓர் இரவு போதுமாயிருந்தது. இக்குறைகளைப் போக்குதற்கு அரசு கைவைத்ததோ 14 ஆண்டுகள் கழித்தே என்பதனை மனங்கொள்ளல் வேண்டும்.

இடையிற் பஞ்சம் வந்தது. 1845 முதல் உருளைக்கிழங்கை நோய் அழித்தது. 1846இல் தானியமும் பொய்த்தது. 1847 வைகாசியில் உல்ம் நகரிலும் தலைநகராகிய ஸ்ருட்காட்டிலும் உணவுக்காகக் கலகம் விளைந்தது. ஊர் ஊராக மக்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயரலாயினர். முந்திய பஞ்சமொன்றில் இதே அரசு விழிப்புடன் நடந்ததுண்டு. 1815இல் கீழைக்கடலிற் சும்பாவாத் தீவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடையே இல்லாது போயிற்று. அத்துன்பத்தினின்றே 1818இற் சேமிப்பு வங்கியும் ஓகன்கைம் விவசாயப் பள்ளியும் பிறந்தன. கமக்காரனுக்குப் பள்ளி வைத்த அரசுக்கு, கைவினைஞனுக்கும் ஏதேனும் வைக்கவேண்டும் எனத் தோன்றுதற்கு இன்னொரு பஞ்சமும் ஒரு புரட்சியும் தேவைப்பட்டன.

புரட்சி 1848இல் வந்தது. அவ்வாண்டு கோடையிற் பிராங்போட்டில் மாநாடு கூட்டிய கைவினை எசமானர் கேட்டது யாது? பழைய தொழிற்குழுக்களின் வலிமையை மீட்டுத் தருக, கட்டற்ற தொழிற்சுதந்திரத்தைத் தடுத்தருள்க என்பதே. அவர்களை அறிவிலிகள் என இகழ்தல் தகாது. வேலியின்றித் திறந்த வெளியில் நின்றவர் வேலியைக் கேட்டனர், அவ்வளவே. இவர்கட்கு விடைகூற இரு வழிகள் இருந்தன. முதலாவது லிஸ்ற்றின் வழி. அவர் 1841இல் வெளியிட்ட நாட்டுப் பொருளியல் நூலில், ஒன்றியத்தின் உள்வாயில்களைத் திறந்ததுபோல வெளிவாயிலைச் சில காலம் இறுக்கி, இளங் கைத்தொழில்களைத் தீர்வையாற் காத்து வளர்க்க வேண்டும் என வாதித்தார். ஆயினும் அந்நூலின் உயிர்நாடி தீர்வை அன்று. செல்வத்தினும் செல்வத்தை உண்டாக்கும் ஆற்றலே பெரிதென்றும், மக்களைப் பயிற்றுவோரை உற்பத்தியாளராகக் கணியாத பொருளியல் குறையுடையதென்றும் அவர் கருதினார். ஆசிரியத் தொழிலில் இருப்போர் இதற்காகவேனும் அவரை ஒருமுறை படிக்கலாம். 1846இல் வறுமையும் நோயும் வருத்த, கூப்ஸ்ரைன் என்னும் மலையூரில் அவர் தம் கையாலேயே உயிர்துறந்தார்.

மற்றை வழியை வகுத்தவரும் வூர்ட்டம்பேர்க் நாட்டவரே. பேர்டினண்ட் ஸ்ரைன்பைஸ் 1807இல் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். கவிஞர் யுஸ்ரினுஸ் கேர்னருக்கு மருகர். மாமனாரின் கவிதையை விடுத்து இரும்பை நாடிய இவர், உருக்காலைகளிற் பணியாற்றித் தேர்ந்தவர். 1848இல் அரசு ஸ்ருட்காட்டிற் கைத்தொழில் வாணிப மத்திய நிலையம் ஒன்றை நிறுவியபோது அதன் தொழில்நுட்ப ஆலோசகராக அழைக்கப்பட்டார். 1850களின் நடுவிலிருந்து 1880 வரை அதன் தலைவராயிருந்தார். தீர்வைச் சுவரில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பெரிய சந்தையை மூடமுடியாது. ஆகலின் சிறிய மனிதனை அதற்கு ஏற்றவனாக்குக என்பதே அவர் கொள்கையின் சாரம்.

அவர் செய்தவற்றுள் எம்மை மிகவும் கவர்வது மாதிரிப் பண்டசாலை. 1850ஐ அண்டித் தொடங்கிய இதிற் பிறநாட்டுச் செய்பொருள்கள், கருவிகள், துணி மாதிரிகள், வரைபடங்கள் முதலியன சேர்த்து வைக்கப்பட்டன. 1851இல் இலண்டனில் நிகழ்ந்த பெருங்கண்காட்சிக்கு அவர் சென்றது வேடிக்கை பார்க்கவன்று; வாங்கிவரவே. கிராமத்துத் தச்சன் ஒருவன் அங்கே போய்ப் பாரிசில் எத்தகைய நாற்காலி விற்பனையாகின்றது எனக் கையால் தடவிப் பார்க்கலாம். இஃது அற்பமெனத் தோன்றும். ஆனால், தான் செய்யும் பண்டத்தின் மிகச் சிறந்த வடிவத்தை வாழ்நாளில் ஒருமுறையேனும் காணாத தொழிலாளி, தன் பண்டம் ஏன் விலைபோகவில்லை என்பதை எங்ஙனம் உணர்வான்? பதவியிலுள்ளோர் எழுதும் அறிக்கைகள் அவனைச் சென்றடைவதில்லை. 1849 முதல் மத்திய நிலையம் ஒரு கைத்தொழிற் பத்திரிகையையும் வெளியிட்டது. ஆனாலும் நேரிற் கண்ட ஒரு பூட்டு, படித்த நூறு பக்கத்தினும் மேலாகும்.

அடுத்து, புதிய பொறிகளையும் அவற்றை இயக்கத் தெரிந்தவர்களையும் வெளிநாடுகளிலிருந்து வரவழைத்தார். நெசவு கற்பிப்போர் ஊருக்கூர் சென்று பயிற்றினர். மதிப்பு வாய்ந்த அரச உத்தியோகத்தர் ஒருவர் மகளிர் இடுப்புக்கச்சை நெய்யும் கலையைத் தம் நாட்டிற் பரப்ப முனைந்தது நகைப்புக்கிடமாகலாம். ஆனால் அத்தொழிலினாற் சோறுண்ட குடும்பங்கள் நகைத்திரா. 1855இல் றொயிற்லிங்கனில் நெசவுப் பள்ளி ஒன்று தோன்றியது. 1860களில் அதே நகரிற் பெண்களுக்கெனத் தையலும் வரைதலும் கற்பிக்கும் தொழிற்பள்ளி தொடங்கப்பட்டுப் பிறவிடங்கட்கும் முன்மாதிரியாயிற்று. பெல்சியத்தின் கைத்தொழிலை ஆராய்ந்து 1853இல் ஸ்ரைன்பைஸ் ஒரு நூலும் எழுதினார். சிறியதொரு நாடு தன்னையொத்த சிறியதொரு நாட்டிடமிருந்து கற்க முற்பட்டமை கருதத்தக்கது. இங்கிலாந்தின் பேராலைகளை வியந்து நிற்போர் பலர். தமக்கு எட்டும் உயரத்தில் உள்ளதனைத் தேடினவர் சிலரே.

இவையெல்லாவற்றினும் ஆழமாகச் சென்றவை தொழிற் பின்கல்விப் பள்ளிகள். 1853இல் இவற்றை மேற்பார்க்க ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. கைத்தொழில் பழகும் இளைஞனின் பகற்பொழுது எசமானுக்கு உரியது. ஆகையால் வகுப்புகள் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலுமே நடைபெற்றன. எவரையும் வலிந்து சேர்க்கவில்லை, விரும்பினோரே வந்தனர். கற்பித்தவை எண்கணிதம், கேத்திரகணிதம், கணக்குப்பதிவு, வாணிகக் கடிதம் எழுதுதல் போன்றவை. எல்லாவற்றுக்கும் மேலாக, வரைதல். தச்சனும் கொல்லனும் கல்வேலை செய்வோனும் ஒரே வாங்கில் இருந்து வரைந்தார்கள். வரையத் தெரிந்தவன் பிறன் வரைந்ததைப் படிக்கத் தெரிந்தவன். நூறு மைல் தொலைவிலிருந்து தபாலில் வரும் வரைபடத்தைக் கொண்டு, முகமறியாத ஒருவர் கேட்ட பண்டத்தை அளவு பிசகாமற் செய்யவல்லவன். விரிந்த சந்தைக்கு வேண்டிய பொதுமொழி அதுவே. எம் பள்ளிகளிலே சித்திரபாடத்தை இளைப்பாறும் பாடவேளையாக எண்ணிப் பரீட்சை நெருங்கியதும் அவ்வேளையைக் கணிதத்துக்குக் கொடுத்துவிடும் வழக்கத்தை யாமும் பல்லாண்டு பின்பற்றியுள்ளோம். இவ்வரலாற்றைப் படித்தபின் அது நெஞ்சை உறுத்தாமல் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டுத் தருவாம். சுங்க ஒன்றியம் பிறந்த 1834ஆம் ஆண்டிலேயே சொர்ண்டோர்ப் என்னும் சிற்றூரிற் பாண் சுடுவோர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார் கொட்லீப் டைம்லர். அவர் முதலிற் பழகியது துவக்குச் செய்யும் தொழில். 1850களின் தொடக்கத்தில் அவர் திறமையைக் கண்ட ஸ்ரைன்பைஸ், அல்சாசு மாகாணத்துக் கிராபன்ஸ்ராடன் பொறிச்சாலைக்கு அனுப்பத் துணைநின்றார். பின்னர் 1857 முதல் 1859 வரை ஸ்ருட்காட்டுப் பலதொழிற் கல்லூரியிற் படிக்கவும், 1861இல் இங்கிலாந்தின் ஆலைகளைக் காணவும் வழி பிறந்தது. 1860களில் றொயிற்லிங்கனிற் குஸ்ராவ் வேர்ணர் நடத்திய அநாதை இல்லத்தின் தொழிற்சாலையில் முகாமையாளராய் இருந்தபோது, அவ்வில்லத்தில் வளர்ந்த வில்லெம் மைபாக் என்னும் இளைஞரை அவர் கண்டுகொண்டார். இவ்விருவர் கையிலும் 1880களில் உருவான விரைவியக்கப் பெற்றோல் எஞ்சினின் கதையை உலகறியும். எனினும் ஒரு டைம்லரை வைத்து ஒரு கொள்கையை நிறுவுதல் வக்கீலின் வேலை. வரலாற்று மாணவனின் வேலை அன்று. பேர் தெரியாத கொல்லரும் தச்சரும் தம்மூரிலேயே தொழில் நடத்தி வாழ்ந்தனரா என்பதே உரைகல். அவ்வகையில் நோக்குங்கால், அரசின் கை நேரே பட்டதோ படாததோ, இந்நாட்டின் சிற்றூர்கள் தத்தமக்கென ஒரு நுண்தொழிலைத் தேடிக்கொண்டமை தெரிகின்றது. டுற்லிங்கன் ஊரில் கத்தி செய்தோர் சத்திரசிகிச்சைக் கருவி செய்வோராயினர். பாரிசு முதலிய இடங்களிற் பழகிவந்த கொற்பிரிட் யெற்றர் அங்கே 1867இல் தொடங்கிய பட்டறை பிற்காலத்திற் பெருநிறுவனமாயிற்று. திரொசிங்கனில் மணிக்கூடு செய்த மத்தியாஸ் ஹோனர் 1857இல் வாயாலூதும் ஆர்மோனிக்கம் செய்யத் தொடங்கினார். எங்கள் பிள்ளைகளும் ஊதி விளையாடும் 'மவுத் ஓகன்' அதுவே. அதன் பெருஞ்சந்தையாய் அமைந்தது அமெரிக்கா. பஞ்சத்தால் ஓடிப்போனவர்களின் நாடு.

கையிற் பயிற்சி வந்தபின்னும் மடியிற் பணம் வேண்டும். இதற்கு விடை பிரசியாவிலிருந்து வந்தது. டெலிற்ச் நகரத்து நீதிபதி எர்மன் சுல்சே 1849இல் தச்சரையும் சப்பாத்துத் தைப்போரையும் கூட்டி மூலப்பொருளை மொத்தமாய் வாங்குவித்தார். 1850இற் கடன் சங்கம் தொடங்கினார். மேற்கே பஞ்சகாலத்தில் ஊரவர்க்குத் தானியம் பெற்றுக்கொடுத்த வில்லெம் ரைபைசன் என்னும் ஊர்த் தலைவர், 1864இல் எடெஸ்டோர்ப்பிற் கிராமியக் கடன் சங்கத்தை நிலைநாட்டினார். முன்னவரது நகரத்துக் கைவினைஞர்க்கு, பின்னவரது கமக்காரர்க்கு. அங்கத்தவர் அனைவரும் எல்லையற்ற பொறுப்பேற்றலே இரண்டுக்கும் அடிப்படை. பிணைவைக்க யாதுமில்லாதவர் தம் அயலாரின் நம்பிக்கையையே பிணையாக்கினர். இச்செய்தி எமக்குத் தூரத்துச் செய்தியன்று. சென்னை அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்சன் என்பாரை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஆராய்வித்து 1895இலும் 1897இலும் பெற்ற அறிக்கையே 1904இன் இந்தியக் கூட்டுறவுச் சட்டத்துக்கு அடிகோலியது. அதனையொட்டி இலங்கையில் 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. எங்கள் தந்தையர் பங்குப்பணம் கட்டிய ஐக்கிய நாணய சங்கங்களின் மூதாதையை நாம் அந்த யேர்மனியக் கிராமத்திலேயே காணலாம்.

இதுவரை கூறியவற்றால் எல்லாம் இனிதே முடிந்ததெனக் கொள்ளற்க. சைலீசியா மாகாணத்தின் நெசவாளரை நினைக்க. அவர்களும் இதே ஒன்றியத்தினுள் வாழ்ந்தவர்கள், பிரசியக் குடிகள். பிரசியாவிலும் தொழிற்கல்வி இல்லாமலில்லை. போய்ற் என்னும் உயர் உத்தியோகத்தர் 1821இலேயே பேர்லினில் ஒரு தொழில்நுட்பக் கலாநிலையத்தை நிறுவி, சிறந்த பொறியாளரை உருவாக்கினார். ஆனால் அது தலைநகரில் இருந்தது. தெரிந்தெடுத்த சிலர்க்கு உரியது. மலைச்சாரற் குடிசையில், வணிகன் கொடுத்த நூலை அவன் சொன்ன கூலிக்கு நெய்தவனை அது எட்டவில்லை. இங்கிலாந்தின் பொறித்துணி விலையை இறக்க இறக்க, வணிகன் கூலியை இறக்கினான். 1844 ஆனியிற் பீற்றர்ஸ்வால்டௌ, லாங்கன்பீலௌ என்னும் ஊர்களில் நெசவாளர் கிளர்ந்தெழுந்து வணிகர் வீடுகளை உடைத்தனர். படை வந்து சுட்டதில் 11 பேர் மடிந்தனர். இதனைச் சுங்க ஒன்றியத்தின் குற்றமென்றல் பொருந்தாது; துன்பம் அதனினும் மூத்தது, அதனினும் பெரிது. ஆயினும் மேலே ஒரு கலாநிலையம் இருப்பதனால் கீழே உள்ளவனின் கை பயிற்சி பெற்றுவிடாது என்பது இதனாற் போதரும். வூர்ட்டம்பேர்க்கிலுங்கூட மலைநாட்டு லினன் நெசவாளர் பலரைப் பள்ளி காக்கவில்லை. அமெரிக்கக் கப்பலே ஏற்றிக்கொண்டது. அவர்களை ஸ்ரைன்பைஸின் வெற்றிக் கணக்கிற் சேர்ப்போரும் இல்லை, தோல்விக் கணக்கிற் சேர்ப்போரும் இல்லை.

பள்ளி தொழிலைக் காக்குமா, தொழிலாளியைக் காக்குமா என்னும் ஐயம் இங்கே எழுகின்றது. அண்டைநாடாகிய பாடனிலே கருங்காட்டு மலையில் நிகழ்ந்ததொன்றைக் கூறின் இவ்வையத்தின் கூர்மை புலனாகும். அங்கே மரத்தால் மணிக்கூடு செய்தல் நெடுநாளைய குடிசைக் கைத்தொழில். ஒருவீட்டில் முகப்பும் ஒருவீட்டிற் பற்சில்லும் செய்ய, முதுகிற் சுமந்து ஐரோப்பா எங்குஞ் சென்று விற்கும் வணிகர் கூட்டமும் அவர்களுக்கு இருந்தது. சுங்க ஒன்றியம் தோன்றுமுன்னரே பல நாட்டு எல்லைகளைக் கால்நடையாய்க் கடந்தவர்கள் அவர்கள். 1840களில் அமெரிக்க ஆலைகளில் தகட்டிலிருந்து வெட்டியெடுத்த பித்தளை மணிக்கூடுகள் மலிவாக வந்திறங்கவே, மலைக்குடிகள் நிலைகுலைந்தனர். பாடன் அரசு 1850இல் பூர்ட்வாங்கன் என்னும் ஊரில் மணிக்கூட்டுத் தொழிற்பள்ளி ஒன்றை நிறுவி, ரொபேட் கேர்விக் என்னும் புகையிரதப் பொறியியலாளரை அதன் தலைவராக்கியது. அவர் பற்சில்லின் கணிதத்தையும் நுண்ணிய அளவையையும் கற்பித்தார். அத்துடன் அவ்வாண்டே, புதிய உருவமைப்பு வேண்டுமெனக் கலைஞர்க்குப் போட்டி ஒன்றும் அறிவித்தார். கட்டடக் கலைஞர் ஐசன்லோர், தாம் புகையிரதப் பாதையருகே கட்டிய காவலாளர் வீட்டின் உருவத்தையே மணிக்கூட்டுக்கு வரைந்தனுப்பினார். இன்று கடைகளிற் குயில் கூவும் மணிக்கூடு எனக் கண்டு, பழங்கால மலைவாசிகளின் கற்பனை என நாம் எண்ணி வியப்பது அந்தப் புகையிரத வீட்டையேயாம்.

உருவம் வென்றது. ஆனால் குடிசை முழுதும் வெல்லவில்லை. 1861இல் அயலிலே வூர்ட்டம்பேர்க்குக்குரிய சிராம்பேர்க்கில் யுங்கான்ஸ் சகோதரர் தொழில் தொடங்கினர். அவர்களுள் ஒருவர் அமெரிக்காவிலிருந்து மீண்டவர். பொறிகளும் அந்நாட்டு முறையும் அவருடன் வந்தன. ஒரே அச்சில் வெட்டிய உறுப்புகளைப் பொருத்தும் ஆலை வளர வளர, வீட்டிலிருந்து பற்சில்லு அறுத்தோர் ஆலைவாயிலில் வந்து நின்றனர். பூர்ட்வாங்கன் பள்ளி 1863இல் மூடப்பட்டது. கேர்விக் தம் பழைய தொழிலுக்கே திரும்பி, அம்மலையை ஊடறுத்துச் செல்லும் கருங்காட்டுப் புகையிரதப் பாதையைச் சமைத்தார். அது 1873இல் நிறைவெய்தியது. பள்ளி 1877இல் மீண்டும் திறக்கப்பட்டபோது அது பயிற்றவேண்டியிருந்தது ஆலைக்காலத்துத் தொழிலாளியை. பின்னாளில் அதன் வழியில் ஒரு தொழில்நுட்ப உயர்கல்லூரியும் வளர்ந்தது. மாணவன் வினவிய வினாவுக்கு இவ்வூர் தரும் விடை இரண்டுபட்டது. கட்டை உயர்ந்ததனால் ஊர் அழியவில்லை. ஆனால் வீட்டு முற்றத்திலிருந்து தன் பெயரிலே மணிக்கூடு செய்தவன் மறைந்தான், அவன் பேரன் சம்பளத்துக்கு வேலைசெய்தான். அப்பேரனின் கைக்குப் பயிற்சி இருந்தமையாற் கூலி சிறிது கூடுதலாயிருந்திருக்கலாம் என்பதற்குமேல் யாம் எதுவுஞ் சொல்லத் துணியோம்.

பள்ளியைத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளே, மாணவர் பார்த்துப் பயிலும்பொருட்டுக் கேர்விக் அவ்வட்டாரத்துப் பழைய மணிக்கூடுகளைச் சேர்க்கலானார். அவற்றை முன்மாதிரியாகவே அவர் கருதினார். மரப்பற்சில்லுடன் கூடிய அம்மணிக்கூடுகள் இன்று அதே ஊரின் நூதனசாலையிற் காட்சிக்கு உள்ளன.